அந்தமானுக்கு இரண்டேகால் மணியா, மூன்று நாளா?

ராயபுரத்துக்காரர்களுக்குத் துறைமுகம் பக்கத்துத் தெரு மாதிரி; விமான நிலையம்தான் தூரம். அங்கிருந்து அந்தமானில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போக இரண்டு வழி உண்டு.

ஒன்று வானம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நேர்கோட்டில் சுமார் 1,370 கி.மீ. பறக்க இரண்டேகால் மணி நேரம். 2021-இல் மெட்ரோ வடசென்னைக்குள் நீண்டதால், திருவொற்றியூரில் ஏறினால் ரயில் மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் மீனம்பாக்கம். சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் ஐந்தாறு மணி நேரத்தில் அக்கரை.

மற்றொன்று கடல். சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 60 மணி நேரம். தினமும் கப்பல் கிடையாது. தேதி பார்த்தே கிளம்ப வேண்டும். ஆனால் பங்க் வகுப்பில் கட்டணம் குறைவு. அரிசி மூட்டை, பாத்திரம் பண்டத்தோடு குடும்பமே போகலாம்.

கல்யாணத்துக்குக் கப்பலில் போகலாம். துக்கச் செய்தி வந்தால்? கடன் வாங்கியாவது விமானம்தான்.

எப்படிப் போனாலும் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. சூரியன் மட்டும் அங்கே ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்ளும். இங்கே காசிமேட்டில் பொழுது விடியும்போது, அங்கே காலை டீ குடித்து முடித்திருப்பார்கள்!