யோபுவின் மனைவி

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபொழுது, இருபதாண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கைக்கு இலக்கியம் எங்கே வரப்போகிறது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுங்களேன், அவர்கள் களியக்காவிளையைக் கடந்துவந்த கதையை நம் உறுப்பினர் பலர் அறியமாட்டார்கள்" என்றார் அவர். ஆகவே இதனை எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் சிற்றூர் நட்டாலத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் உள்ளது. நட்டாலம், 1712ஆம் ஆண்டில் தேவசகாயம் பிறந்த ஊர். இப்பொழுது உலகெங்கும் அறியப்பட்ட அப்பெயர், எங்கள் இளமைக்காலத்தில் குமரி மாவட்டத்து மக்களின் நாவில் மட்டுமே வழங்கியது. என் தந்தையார் கொத்தனார். 1993ஆம் ஆண்டில், எனக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தபொழுது, அவர் திடீரென்று மறைந்தார். அக்காளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் மிஞ்சியவை ஒரு பசுவும், மட்டக்கோலும், கரணையும், சிறிது கடனும்.

ஐந்தாம் வகுப்புவரையே படித்த அம்மா முந்திரிப் பருப்பு ஆலைக்கு வேலைக்குச் சென்றார். 'அண்டி ஆபீஸ்' என்பது எங்கள் பக்கத்து வழக்கு. சுட்ட கொட்டையை உடைக்கும்பொழுது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் கைத்தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். ஆயினும் விரல் நுனிகள் கறுத்தே போகும். அக்கறுத்த விரல்களில் செபமாலை மணிகள் ஒவ்வொன்றாய் உருள்வதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருவரும் தூங்கிவிழுந்த இரவுகள் பல. என் பி.ஏ. பட்டமும், பின்னர்த் தேர்வெழுதிப் பெற்ற மத்திய அரசுப் பணியும் அவ்விரல்கள் ஈட்டித் தந்தவை.

செபம் முடிந்தபின் அம்மா கதை சொல்வார். பெரும்பாலும் தேவசகாயத்தின் கதையே. மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் அரண்மனைப் பணியாளரான நீலகண்டர், ஆடுமாடுகளை இழந்து, பயிர் பொய்த்து, குடும்பத்தில் துன்பத்தின்மேல் துன்பம் வந்து முகம் வாடியிருந்த நாளில், 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு மகாராஜாவின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் அவரை நோக்கி, "உமக்கு என்ன துயரம்?" என்று வினவினாராம். கேட்டறிந்தபின் யோபுவின் கதையைச் சொன்னாராம். அக்கதையே நீலகண்டரை மனந்திருப்பியது என்பது மரபு. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749ஆம் ஆண்டில் சிறைப்பிடிக்கப்பட்டார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எனக்கு வேண்டியது ஒன்றே. துன்பப்பட்ட ஓர் உத்தியோகஸ்தருக்கு மற்றோர் உத்தியோகஸ்தர் அறிவுரை வழங்கவில்லை. அருகமர்ந்து ஒரு கதையைச் சொன்னார். அவ்வளவுதான்.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த அக்கல்லைச் சிறுவயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அருகே அவருடைய மகனும் உறங்குகிறான். 1765ஆம் ஆண்டு களக்காட்டுப் போரில், இருபது வயது நிறையாமலே மாண்டவன். யோபுவின் கதையைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவர்க்கே அக்கதை தம் வீட்டுக்குள் வந்து அமர்ந்தது. அதன்பின் 1777ஆம் ஆண்டுவரை அவர் உயிரோடிருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் யோபு ஆகமத்தை எத்தனை முறை புரட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாவின் மார்பில் கட்டி கண்டது. சோதனையில் புற்று என்று உறுதியாயிற்று. திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கு மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஆர்.சி.சி. புதிய இடமன்று. 1981ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மருத்துவ மையத்தின் தாழ்வாரங்களில் மலையாளத்துக்குச் சற்றும் குறையாமல் தமிழ் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை என்று எத்தனை ஊர்கள்! எங்கள் வாடகை வீடு சிறிது. "மாட்டையும் கோவிலையும் விட்டு வரமாட்டேன்" என்ற பிடிவாதம் வேறு. ஆகவே அம்மா ஊரில் அக்காளோடு இருந்துகொண்டு, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புவது என ஏற்பாடாயிற்று. மொத்தம் ஆறு முறை.

அக்காலத்தில் உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்லவர்தாம், ஆனால் வேதம் அறிந்தவர் என்ற எண்ணம் சற்று மிகுதி. "குடும்பத்தில் யாரோ செய்த குற்றம் இப்படி வந்து நிற்கிறது. செபத்தில் ஏதோ குறை" என்றார். யோபுவைக் காணவந்த நண்பர்கள் முதல் ஏழு நாளும் வாய்திறவாமல் தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவே அவர்கள் செய்த நற்செயல். பேசத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள். எங்கள் உறவினரோ முதல் நாளிலேயே பேசிவிட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். நான் அன்றிரவு உண்ணவில்லை.

நான்கு முறை மருந்து ஏற்றி முடிந்தது. ஐந்தாவது முறைக்குரிய நாள் 2020 மார்ச் 27. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை அடைக்கப்பட்டது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆயினும் அந்நாளில் வரையப்பட்ட கோடு நம் அன்றாட வாழ்வில் பேருந்துக் கட்டணத்தையன்றி வேறெதையும் மாற்றியதாக நான் உணர்ந்ததில்லை. காலையில் ஊரில் புறப்பட்டுப் பத்து மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்திடும் நண்பர்கள் எத்தனைபேர்! அக்கோடு ஒரு சுவராக நிற்கக்கூடும் என்பதை அவ்வாண்டில்தான் கண்டேன். எல்லைக்கு அப்பால் சில கல் தொலைவில் அம்மா. இப்பால் அவருக்குரிய மருந்து. நடுவில் தடுப்புக் கட்டைகளும் காவலர்களும். எவர்மீதும் குறை சொல்வதற்கில்லை. இருபுறமும் அச்சம் இருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தால், "சில வாரங்கள் பொறுக்கலாம்" என்றார். எத்தனை வாரங்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மாலை ஏழரை மணிக்கு அக்காள் அலைபேசியில் அழைப்பாள். அங்கே அம்மா, அக்காள், அத்தான், இரு பிள்ளைகள். இங்கே நான், என் மனைவி, எட்டு வயது மகள். அலைபேசியை மேசைமேல் நிறுத்தி ஒலியைக் கூட்டி வைத்துச் செபமாலை சொல்வோம். இரு வீட்டுக் குரல்களும் ஒன்றாக வாரா. நாங்கள் பாதி சொல்லும்பொழுது அவர்களுடைய தொடக்கம் வந்து சேரும். முதல் சில நாள்கள் குழந்தைகள் சிரித்தார்கள். பின்பு அதற்கும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நாள்களில் என்னால் செபிக்க முடியவில்லை. வாய் சொல்லிற்று; உள்ளம் நாள்களை எண்ணிற்று. மார்ச் 27 மாலை, உரோமாபுரியில் மழை நனைத்த வெற்றுச் சதுக்கத்தில் போப்பு பிரான்சிஸ் தனியே நின்று செபித்ததைத் தொலைக்காட்சியில் கண்டபொழுதும், "இன்று ஐந்தாவது மருந்துநாள்" என்பதன்றி வேறு நினைவு எழவில்லை. புனித வெள்ளியன்று கோவில்கள் பூட்டிக்கிடந்தன. அன்றிரவு எல்லாரும் உறங்கியபின் அம்மாவை மீண்டும் அழைத்தேன்.

"அம்மா, எனக்குச் செபம் வரவில்லை" என்றேன்.

சற்றுநேரம் மறுமுனையில் ஒலியில்லை. பிறகு, "வராவிட்டால் விடு மக்களே. நாங்கள் சொல்லுகிறோம், நீ கேட்டுக்கொண்டிரு. உங்கள் அப்பா போன வருஷம் முழுதும் எனக்கும் வரவில்லை. நீங்கள் இரண்டுபேரும் தூங்கிக்கொண்டே சொன்னீர்களே, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அது புதுச்செய்தி. அக்கறுத்த விரல்களில் உருண்ட மணிகளை அம்மாவின் விசுவாசமென்று நம்பியே நான் வளர்ந்தேன். அவரோ எங்கள் அரைத்தூக்கக் குரலைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்!

பேச்சு யோபுவிடம் சென்றது. அம்மா கேட்டார்: "யோபுவுக்குப் பத்துப் பிள்ளைகள் செத்தார்கள் என்று எல்லாரும் பிரசங்கம் வைக்கிறார்கள். அந்தப் பத்தையும் பெற்றவள் யார்? அவள் பொறுக்கமாட்டாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று இன்றைக்கும் அவளை ஏசுகிறார்கள். அவர் சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் அடுப்பு மூட்டியது யார்?"

நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட அவ்வாகமத்தை அதன்பின் எடுத்துப் படித்தேன். அப்பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. இறுதியில் யோபுவுக்கு மீண்டும் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறக்கிறார்கள். அவர்களுடைய தாய் யார் என்பதும் சொல்லப்படவில்லை. ஏன் இத்துன்பம் என்று யோபு கேட்ட கேள்விக்கும் கடவுள் நேரான மறுமொழி தருவதில்லை என்பதை அப்பொழுதுதான் கவனித்தேன். விடை கிடைக்காமலே ஒருவன் அமைதியுற்ற கதை அது. முன்பெல்லாம் அதனை ஒரு குறையாகவே கருதியிருப்பேன்.

மே மாத நடுவில் அனுமதிச் சீட்டு கிடைத்தது. அத்தான் வாடகைக் காரில் அம்மாவைக் களியக்காவிளைவரை கொண்டுவந்து இறக்கினார். நான் இப்பாலிருந்து சென்று காத்து நின்றேன். முடியெல்லாம் உதிர்ந்த தலையில் முக்காடிட்டு, முகத்தில் துணி கட்டி, ஒரு பையுடன் அவர் தனியே நடந்துவந்தார். அத்தூரம் ஐம்பது அடிகூட இராது. அக்காள் அப்பால் நின்று கையசைத்தாள். பையைத் திறந்துபார்த்தேன்: மருத்துவச் சீட்டுகள், செபமாலை, என் மகளுக்கு ஒரு பொதி முந்திரிப் பருப்பு.

பதினான்கு நாள் தனியறை வாசத்தில் என் மனைவி கதவுக்கு வெளியே சோறு வைப்பாள். மாமியும் மருமகளும் மூடிய கதவின் இருபுறமும் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்குமுன் அவர்கள் அவ்வளவு பேசி நான் கண்டதில்லை. பின்பு மருந்து தொடர்ந்தது, ஆறும் முடிந்தது, அறுவையும் நடந்தது. நோய் போய்விட்டதா என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்கிறோம் என்பதே விடை. ஒவ்வொரு முறையும் முந்தின இரவு வீட்டில் எவரும் சரியாக உறங்குவதில்லை.

2022 மே 15ஆம் நாள் உரோமாபுரியில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினருள் முதல் புனிதர், துறவியல்லர், மணமானவர். ஊரிலிருந்து வந்திருந்த அக்காள் குடும்பத்தாரும் நாங்களுமாக எல்லாரும் எங்கள் சிறிய வீட்டில் நெருக்கியமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். பெயர் வாசிக்கப்பட்டபொழுது அத்தான் கைதட்டினார். அம்மாவோ, "அந்தம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

தேவசகாயத்தின் மனைவி பார்கவி. திருமுழுக்கில் ஞானப்பூ என்று பெயர் பெற்றவர். கணவர் கொலையுண்டபின் திருவிதாங்கூர் எல்லையைக் கடந்து வடக்கன்குளம் சென்று, பதினான்கு ஆண்டுகள் கைம்பெண்ணாய் வாழ்ந்து, 1766ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். அக்காலத்து எல்லை களியக்காவிளையன்று, ஆரல்வாய்மொழிப் பக்கம். கணவரின் உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் எல்லைக்கு இப்பால். மனைவியின் கல்லறை அப்பால். அப்பதினான்கு ஆண்டுகள் அவர் எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தார் என்று எழுதிவைத்தார் உண்டோ?

அவ்வாண்டு டிசம்பரில் சோதனை முடிவு நன்றாக வந்ததும், அம்மாவின் விருப்பப்படி குடும்பத்தோடு வடக்கன்குளம் சென்றோம். ஞானப்பூ அம்மையாரின் கல்லறை அருகே மெழுகுதிரியை ஏற்ற முயன்றோம்; ஆரல்வாய்மொழிக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. என் மகள் இரு கைகளையும் குவித்து மறைத்துப் பிடித்தாள். அம்மா தரையில் அமர்ந்து செபமாலையை எடுத்தார். ஐம்பது மணியும் முடியும்வரை நான் உடன் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.