விண்மீன் பேரேடு

வானத்து மீனை எண்ண முடியுமா என்பது, முடியாத காரியத்துக்கு நம்மவர் காட்டும் உவமை. அந்த உவமை இனிச் செல்லாது, நண்பர்களே! 181 கோடி வரை எண்ணியாயிற்று. எண்ணியதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் வானில் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஒளி உடையது என்று குறித்து, அவற்றுள் 146 கோடிக்கு எவ்வளவு தொலைவு, எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்கான அளவுகளையும் எழுதி வைத்துவிட்டார்கள். நம் பால்வீதியின் மொத்த மீன்களோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். ஆனாலும் மனிதன் எழுதிய விண்மீன் கணக்குகளில் இதைவிடப் பெரியதும் நுட்பமானதும் வேறில்லை.

எழுதியது ‘காயா’ என்னும் விண்கலம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பியது. பெயர் கிரேக்கர்களின் பூமித்தாயுடையது. ஆயினும் தமிழ்க் காதில் அது படும் பாடு கொஞ்சமல்ல. நான் முதுகலைப் பௌதிகத்தில் சேர்ந்து, இந்தக் கணக்கில்தான் ஆய்வு செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன நாள் முதல் என் தந்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “காயா, காயாங்கிறே. எப்பம்மா பழமாகும்?”

தந்தையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் பிறக்குமுன்னரே அம்பாசமுத்திரத்தை விட்டுப் புறப்பட்டவர். சிகந்தராபாத்தில் நம்மவர் ஒருவர் நடத்தும் மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை. தெலுங்கில் பேரம் பேசுவார், உருதுவில் சண்டை போடுவார், தமிழில் கணக்கு எழுதுவார். சிட்டா, நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்களைப் பள்ளிப் பாடங்களுக்கு முன்பே அவரிடம் கற்றுக்கொண்டேன். வானநூல் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு கணக்கு நேர்மையானதா, இட்டுக்கட்டியதா என்பது தெரியும். காயாவைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு இணையான கேள்வியை நான் வகுப்பிலும் அதிகம் கேட்டதில்லை.

“கணக்கை எழுதினவன் எப்படி அளந்தான்?” என்பது முதற்கேள்வி.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். கையை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு மாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றுவதால் நமக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ‘கண்கள்’ கிடைக்கின்றன. பக்கத்து விண்மீன், தூரத்து மீன்களின் நடுவே சிறிது அசைந்து காட்டும். இந்த இடமாறு தோற்றத்தை அளந்து 1838இல் முதன்முதலாக ஒரு விண்மீனின் தொலைவை வெளியிட்டவர் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர். அவர் அளந்த அசைவு ஒரு விகலையில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறுதான் விகலை! காயா நன்றாகக் காணும் மீன்களுக்கு ஒரு விகலையை ஐம்பதாயிரம் கூறாக்கி அளக்கிறது. நம் ஹைதராபாத்தில் நின்றுகொண்டு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அம்பாசமுத்திரத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் என் பாட்டியின் நரைமயிர் ஒன்றின் பருமனை அளப்பது போன்றது அது.

2013 டிசம்பர் 19 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய கலம், பூமிக்கு அப்பால் 15 லட்சம் கிலோமீட்டரில் தங்கியது. இரண்டு தொலைநோக்கிகளை வேறுவேறு திசையில் நீட்டி, ஆறு மணிக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வானத்தைத் துழாவியது. 2014 ஜூலையில் தொடங்கிய வேலை 2025 ஜனவரி 15 அன்று உந்துவாயு தீரும் நிலையில் நின்றது. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று கலத்தை அணைத்தே விட்டார்கள். அதற்குள் மூன்று லட்சம் கோடி அளவீடுகள்.

இரண்டாவது கேள்வி: “சரிபார்த்தது யாரு?”

இதற்குப் பதிலாக அந்தப் பட்டியலையே திறந்து காட்டினேன். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருக்கிறது. இந்த அளவு எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் பத்தி. தந்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தப்புக்கென்று தனிப் பத்தி போட்ட பேரேட்டை அவர் கண்டதில்லை. அடுத்து ஒரு வரியில் அவர் விரல் நின்றது. இடமாறு தோற்றம் என்ற பத்தியில் கழித்தல் குறி!

கழித்தல் குறியிட்ட தொலைவு உலகத்தில் இல்லை. ஆனால் அளவில் அது வரும். மிகத் தூரத்து மீனின் அசைவு சுழியத்தை ஒட்டியிருக்கும். அளவுப் பிழை இப்பக்கமும் இழுக்கும், அப்பக்கமும் இழுக்கும். பிழை பெரிதானால் எண் சுழியத்துக்குக் கீழே போய்விடுகிறது. குவேசார் என்னும் பொருள்கள் கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை. அவற்றின் அசைவு சுழியமாகவே இருந்தாக வேண்டும். மூன்றாம் வெளியீட்டில் அவற்றின் சராசரி, ஒரு விகலையின் ஆயிரத்திலொரு பங்கில் 0.017 அளவுக்குக் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கிறது. தராசு அந்த அளவுக்குச் சாய்ந்த தராசு என்று பட்டியல் போட்டவர்களே கண்டுபிடித்து, அவர்களே சொல்லிவிட்டார்கள். பார்க்க அழகாயில்லை என்று கழித்தல் குறி வரிகளை அழித்திருந்தால் அந்தச் சாய்வைப் பிறர் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இதை விளக்கியதும் தந்தை சொன்னார்: “கழித்தல் போட்ட வரவை அழிக்காம விட்டிருக்கானா? அப்ப யோக்கியமான கணக்குத்தான்.”

காயாவுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் நான் படித்ததில்லை.

அந்தக் கணக்கு தீர்த்துவைத்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த கார்த்திகை மீன்கள்தாம் வழக்குப் பொருள். 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் என்ற கலம், காயாவுக்கு மூத்தது. 1997இல் வெளியான அதன் பட்டியலில் 1,18,218 விண்மீன்கள் இருந்தன. அதன்படி கார்த்திகைக் கூட்டத்தின் தொலைவு 390 ஒளியாண்டுக்கு மேல் போகவில்லை. வேறு வழிகளில் கணக்கிட்டவர்களோ 430, 440 என்றார்கள். ஐம்பது ஒளியாண்டுக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்கலாம். கூட்டம் அவ்வளவு பக்கத்தில் இருக்குமானால், அதன் மீன்கள் கொள்கை சொல்வதைவிட மங்கலானவை என்று ஆகும். இளம் விண்மீன் எப்படி எரிகிறது என்று எழுதிய பாடத்தைத் திருத்தியாக வேண்டும். வழக்கு பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2014இல் ரேடியோ தொலைநோக்கிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் இணைத்து அளந்தவர்கள் 444 என்றார்கள். 2016இல் காயாவின் முதல் வெளியீடும் அதே பக்கம் சாய்ந்தது.

அந்தத் தீர்ப்பை நான் நம்பி ஏற்கவில்லை, வாங்கிப் பார்த்தேன்! பட்டியல் மாட்ரிட் அருகே ஒரு கணிப்பொறி நிலையத்தில் இருக்கிறது. முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கார்த்திகையின் நடுவிலிருந்து இத்தனை பாகைக்குள், இவ்வளவு ஒளிக்கு மேற்பட்டவற்றைக் கொடு என்று வினாவாக எழுதி அனுப்பினால், காபி ஆறுமுன் விடை வந்து விழுகிறது. வந்தவற்றுள் பெரும்பான்மை, பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் அந்நியர்கள். அவர்களை எப்படிப் பிரிப்பது? நகர்வை வைத்துத்தான். ஒவ்வொரு மீனுக்கும் கிழக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு நகர்கிறது என்று ஒரு புள்ளி வைத்தேன். அந்நியர்கள் எல்லாம் நடுவில் சிதறிக் கிடக்க, ஒரு சிறு கூட்டம் மட்டும் தனியே திரண்டு நின்றது. ஆண்டொன்றுக்கு, ஒரு விகலையின் ஆயிரத்திலொரு பங்கில் இருபது கிழக்கே, நாற்பத்தைந்து தெற்கே. சொந்தக்காரர்கள் சந்தைக் கூட்டத்திலும் ஒன்றாகவே நடப்பார்கள் அல்லவா? அப்படித்தான். அவர்களை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தேன். 440 ஒளியாண்டுக்குச் சற்று மேல். பின்னிரவு இரண்டு மணி. இன்று கார்த்திகையிலிருந்து நம் கண்ணில் படும் ஒளி, சார்மினார் எழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது என்று எனக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. என் கையால் கணக்கிட்டுவிட்டேன்.

(கண்ணுக்குத் தெரியும் பெரிய மீன்களைக் காட்டிலும், நாம் காணாத மங்கல் மீன்களையே காயா நன்றாக அளக்கிறது. பேரொளி அதற்குக் கண் கூசும். சிகந்தராபாத்துத் தெருவிளக்குகளுக்கு நடுவே கார்த்திகையில் நான்கைக் கண்டாலே பாக்கியம் என்றிருக்கும் எனக்கு இதில் ஓர் ஆறுதல்.)

சென்ற ஆண்டு வேறோர் ஊரில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். தேர்வாளர் ஒருவர், “நீங்கள் எந்தத் தொலைநோக்கியில் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். “காயாவில்” என்றேன். சிரித்தார். “அது உங்களுடையது அல்லவே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நயமாகவே சொன்னார். அதனால்தான் திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது போலப் பார்த்தால், தொலைநோக்கி உள்ளவர்கள் வானநூலார், இல்லாதவர்கள் வாசகர்கள். கணக்குப்பிள்ளையின் மகள் எந்தப் பக்கம்?

அன்று எனக்கு உடனே சொல்லத் தோன்றாத பதில் இதுதான். காயா அதைக் கட்டியவர்களுடையதும் அல்ல! வழக்கமாக ஒரு தொலைநோக்கியில் அளந்தவருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ முதலுரிமை உண்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு. அது நியாயந்தான்; உழுதவன் முதலில் அறுக்கட்டும். காயாவில் அந்த உரிமையே கிடையாது. அளவீடுகளைச் சீர்செய்து பட்டியலாக்க நானூறுக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். ஆனால் 2016 செப்டம்பர் 14, 2018 ஏப்ரல் 25, 2020 டிசம்பர் 3, 2022 ஜூன் 13 என்று ஒவ்வொரு வெளியீட்டு நாளிலும் பட்டியல் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் திறந்தது. கட்டணமில்லை, சிபாரிசு இல்லை, எந்த ஊர் என்று கேட்பாரில்லை. தந்தையின் மூன்றாவது கேள்வியும் இதைப் பற்றித்தான்: “பேரேட்டை ஊருக்குத் திறந்து வைக்கிற முதலாளியும் உண்டா?”

உண்டு. ஆனால் திறந்த கதவுக்குள் எல்லோரும் ஒரே வேகத்தில் நுழைகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் வெளியீடு வந்த சில நாட்களுக்குள் கட்டுரைகள் குவியத் தொடங்கின. பெரிய கணிப்பொறியும், முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்களும், பக்கத்து அறையில் கேட்டுத் தெளிய நான்கு பேரும் உடையவர்கள் அவர்கள். அந்த ஆண்டிலேயே, ஏறக்குறைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு சிறு விண்மீன் மண்டலம் நம் பால்வீதியோடு மோதிக் கலந்தது என்பதை அந்த எண்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். நான் அப்போது பள்ளி மாணவி. ஆனால் அன்று முதுகலை மாணவியாக இருந்திருந்தாலும் அவர்களை முந்தியிருப்பேனா? மாட்டேன். ஆயினும், அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க அவர்களிடமே போய் நிற்க வேண்டியதில்லை என்ற நிலை இருக்கிறதே, அது சாதாரணமன்று.

நம் நகருக்கும் இந்த வேலையில் பழைய பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். 1887இல் பாரிஸில் கூடி, வானம் முழுவதையும் புகைப்படத் தகட்டில் பிடித்துப் பட்டியலிட முடிவு செய்தார்கள். வானத்தைப் பட்டைபட்டையாக வகுத்து, சுமார் இருபது வானாய்வு நிலையங்களுக்குப் பங்கிட்டார்கள். தென்வானில் 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை, பேகம்பேட்டையில் இருந்த நம் நிஜாமியா நிலையத்துக்கு வந்தது. பின்னர் வடக்கே ஒரு பட்டையும் சேர்ந்தது. நுண்பெருக்கியில் கண்ணை வைத்துத் தகட்டின் மேல் புள்ளி புள்ளியாக அளந்து, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் இடங்களைப் பல தொகுதிகளாக அச்சிட்டார்கள். வாத்திகனில் இதே வேலையை நான்கு கன்னியாஸ்திரீகள் செய்தார்கள். 1910 முதல் 1921 வரை 4,81,215 மீன்கள்.

இவ்வளவையும் அளந்தவர்கள் தங்கள் எண்களால் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. நகர்வு தெரிய வேண்டுமானால் இரண்டாவது அளவு வேண்டும். அது வர அறுபது, எழுபது ஆண்டு ஆயிற்று. ஹிப்பார்க்கஸ் கலத்தின் அளவுகளோடு இந்தப் பழைய தகட்டு அளவுகளைப் பொருத்திப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் 25 லட்சம் மீன்களின் நகர்வுகளை வெளியிட்டார்கள். பேகம்பேட்டைக் குமாஸ்தாக்கள் எழுதிய எண்ணும் அதில் உண்டு. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். தந்தையின் கையெழுத்துப் போல அவர்களுடையதும் வலப்பக்கம் சாய்ந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு.

நான்காம் வெளியீட்டுக்கு 2026 டிசம்பர் என்று நாள் குறித்திருக்கிறார்கள். இதுவரை தந்தது பெரும்பாலும் கூட்டிக் கழித்த தொகை. அதில் ஒவ்வொரு முறையும் அளந்த தனித்தனி அளவும் வருமாம். தந்தையின் மொழியில் சொன்னால், பேரேடு வந்துவிட்டது, இனி நாள்வழியையும் தரப்போகிறார்கள். அவர் இப்போதே கேட்கிறார், கழித்தல் குறிகளை அதிலும் விட்டு வைப்பார்களா என்று.

மன்றத்தார் இவ்வாண்டு திருக்கார்த்திகை விழாவை விடுதி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்கள். அன்று பௌர்ணமி, கார்த்திகை மீன்கள் நிலவுக்குப் பக்கத்திலேயே நின்று மங்கிப்போகும். நான் மடிக்கணிப்பொறியை எடுத்து வருகிறேன். பௌதிகம் படிக்காதவர்களும் வரலாம். ஆளுக்கொரு வினா எழுதி மாட்ரிட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம். பொரியும் அவலும் மன்றத்தின் செலவு.