தாரா ஷிகோ படித்த நூல்கள்

பிற சமயத்தை அதன் மூல நூல்கள் வழியே அறிய முயன்றவர்களுள் முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ குறிப்பிடத்தக்கவர். இறைவனோடு ஒன்றுதலை நாடும் இஸ்லாமிய மெய்ஞ்ஞான நெறியாகிய சூஃபித்துவத்தில் காதிரி மரபைச் சார்ந்த அவர், இறை ஒருமைக்கு விளக்கம் தேடி, யூதரின் வேதமாகிய தோராவையும் சங்கீதங்களையும் நற்செய்தி நூல்களையும் பயின்றார். அவற்றில் வேட்கை தணியாமல், வேதங்களின் இறுதிப் பகுதிகளாக அமைந்து ஆன்மாவையும் பிரம்மத்தையும் ஆராயும் உபநிடதங்களை நாடினார். காசிப் பண்டிதர்கள், துறவிகள் ஆகியோரின் துணையுடன் 1657இல் ஏறத்தாழ 50 உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த அவர், குர்ஆன் சுட்டும் மறைவான நூல் உபநிடதங்களே எனத் தம் முன்னுரையில் எழுதினார்.

அரியணைப் போரில் தம்பி ஔரங்கசீப்பிடம் தோற்று, சமய விலகல் குற்றமும் சாட்டப்பட்டு, 1659இல் அவர் கொல்லப்பட்டார். எனினும் அவரது நூல் கடல் கடந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தில் துப்பெரோன் அதனை இலத்தீனில் பெயர்த்து 1801, 1802 ஆம் ஆண்டுகளில் வெளியிட, ஜெர்மானிய மெய்யியலாளர் ஷோப்பன்ஹவர் அதைத் தம் வாழ்வின் ஆறுதல் எனப் போற்றினார்.

பிற சமயம் குறித்துத் தீர்ப்புரைக்க விரும்புவோர், அதற்கு முன் அச்சமயத்தின் நூல் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும்.