என் காலுக்கு ஒரு சைக்கிள்

எங்களூரில் சைக்கிள் ஓடத் தெரியாத ஆண்பிள்ளையைக் காண்பது அரிது. வயலுக்குப் போகிறவரும் மீன் பெட்டி கட்டியவரும் சைக்கிளில்தான் போவார்கள். நாற்பது வயது கடந்த பிறகும் நான் அந்த அரிதானவர்களில் ஒருவனாகவே இருந்தேன். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் எனது இடது காலை இரண்டு அங்குலம் குட்டையாக்கிவிட்டுப் போனது. இலங்கையில் அந்நோய் கடைசியாகப் பதிவானது 1993இல். இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரியாது. எனது நடையைப் பார்த்து ஏதோ விபத்து என்றே நினைக்கிறார்கள்.

வாப்பா ஒருமுறை சைக்கிள் வாங்கித் தந்தார். உயர்ந்த பார், 28 அங்குலச் சில்லு. வலது கால் சரியாக எட்டும்போது இடது கால் பெடலைத் தேடும். சீற்றை இறக்கினால் வலது முழங்கால் மடிந்து வலிக்கும். ஒரு மாதத்தில் அது தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பஸ்ஸும் நண்பர்களின் மோட்டார் சைக்கிள்களுமே எனக்குத் துணை. ஆசிரியர் கலாசாலையில் விளையாட்டுப் போட்டி வந்தால் புள்ளி எழுதும் கொப்பியை என் கையில் தருவார்கள். அன்பாகத்தான் தந்தார்கள். ஆனாலும் என் கதிரை கோட்டுக்கு வெளியேதான் இருந்தது.

2022இல் பெற்றோல் இல்லாமற் போனது. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபா; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். வயற்கரையில் இருக்கும் எங்கள் பாடசாலைக்கு வீட்டிலிருந்து 7 கிலோமீற்றர். பஸ் வந்த நாளில் போனேன். வராத நாளில் நடந்தேன். நடந்த நாள் இரவில் இடுப்பு வலியால் உறக்கம் வராது. "இடமாற்றத்துக்கு எழுதிப் போடுங்க சேர்" என்று பலரும் சொன்னார்கள். எழுதினால் கிடைத்தும் இருக்கும். ஆனால் அந்தப் பாடசாலையில் கணிதம் கற்பிக்க அப்போது வேறு ஆளில்லை.

சந்தைக்குப் பின்னால் ஒரு காக்கா பட்டறை வைத்திருக்கிறார். ரியூப் ஒட்டுவதும் சில்லின் கோணல் எடுப்பதும் அன்றாட வேலை. பழைய றலி சைக்கிள்களை வெட்டி, மீன் வியாபாரிகளுக்குப் பாரம் தாங்கும் பிறேம் கட்டிக் கொடுப்பவரும் அவர்தான். கடைச் சைக்கிள் ஒன்றை எனக்குத் தோதாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"சைக்கிளப் பொறகு பாப்பம் சேர். முதல்ல ஒங்கள அளக்கணும்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நிற்கச் சொன்னார். தடித்த கொப்பியொன்றைக் கவட்டில் இறுக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு குதிக்காலுக்கும் நாடா பிடித்தார். வலது 30, இடது 28. கையின் நீளம், முதுகின் நீளம் எல்லாம் சுவரில் கரியால் எழுதினார். எனது இடது காலை அவ்வளவு நேரம் பார்த்தும் "பாவம்" என்று சொல்லாத முதல் ஆள் அவர்.

பெண்கள் சைக்கிள் வாங்கினால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். ஏறுவதற்கு இலேசுதான். ஆனால் நான் ஓடிப் பார்த்ததில் ஹாண்டில் மிகக் கிட்டவாக இருந்து முழங்காலில் இடித்தது. காக்கா பாரைச் சரித்து இறக்கினார், சீற் குழாயைக் குறுக்கினார், முன்பக்க நீளத்தை மட்டும் என் கைக்கேற்ப விட்டார்.

இரண்டு சனிக்கிழமைகள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தண்ணீர்க் குழாயில் கட்டினால் பாரம் கூடும் என்று, உடைந்த றலிகளின் குழாய்களையே எடுத்தார். அவற்றின் சுவர் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். மின் வெல்டிங் பிடித்தால் இலகுவில் ஓட்டை விழும். அதனால் பித்தளையால் ஒட்டினார். மூட்டுக்குள் குழாயைச் செருகி, வெண்காரம் பூசி, சுவாலையில் சிவக்கக் காய்ச்சிப் பித்தளைக் கம்பியால் தொட்டால், அது உருகி இடுக்குக்குள் தானாகவே இழுபட்டுப் போகிறது. பித்தளை உருக ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் போதும். உருக்குக்கு 1,400க்கு மேல் வேண்டும். இரும்பு உருகாமலே இரும்போடு சேர்கிறது. இங்கிலாந்திலும் சிறு பட்டறைகளில் இப்படி ஆளை அளந்து பிறேம் கட்டும் கைத்தொழில் உண்டு. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாய் அவர்களிடம் பேர்போனது. எங்கள் காக்காவுக்கு அந்தப் பெயர் தெரியாது. வேலை ஒன்றுதான்.

நேர் பார்க்க ஒரு நூல்தான் அவரது கருவி. பின் சில்லு பூட்டும் இடத்திலிருந்து முன் குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டினார். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெல்மணியளவு கூடியிருந்தது. மீண்டும் நெம்பினார்.

"பிறேம் ரெண்டு பக்கமும் ஒண்டா இரிக்கணும் சேர். ஒங்கட கால் ரெண்டும் ஒண்டா இரிக்கத் தேவல்ல. அதப் பெடல்ல பாத்துக்கலாம்."

இடது பெடலின் மேல் இரண்டு அங்குல முதிரைப் பலகையைப் பூட்டினார். அந்தப் பாரத்தில் பெடல் தலைகீழாகப் புரளாதிருக்க அடியில் ஓர் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டார்.

சுபஹு தொழுகைக்குப் பிறகு, ஆள் நடமாட்டமில்லாத வயல் வீதியில் பழகினேன். பத்து வயது மகன் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். மூன்றாம் நாள் அவன் கையை விட்டது எனக்குத் தெரியாது.

அதுவரை எனக்குக் கிடைத்தவையெல்லாம் வேறொருவருக்காகச் செய்து, பிறகு எனக்காக ஒட்டுப் போட்டவை. இது என்னிலிருந்தே தொடங்கியது. பாடத்துக்கு முன் பிள்ளையை அறிய வேண்டும் என்று கலாசாலையில் படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அந்தக் கரி எழுத்துகளில்தான்.

2023இல் பங்கீடு நீங்கியதும் நண்பர் பழையபடி பின்னால் ஏறச் சொன்னார். நான் சைக்கிளிலேயே போகிறேன்.

காக்காவின் மக்களில் ஒருவர் கட்டாரில், மற்றவர் ஆட்டோ ஓட்டுகிறார். பட்டறைக்கு வாரிசில்லை. சுவரில் என் அளவுகள் இன்னும் அழியவில்லை. போன மாதம் பக்கத்தில் வேறு எண்கள் இருந்தன. நீரிழிவால் ஒரு காலை இழந்த மீன் வியாபாரிக்குக் கையால் ஓட்டும் மூன்று சில்லு வண்டியாம். "கண் மங்குது சேர். கம்பி பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

வரும் சனிக்கிழமை போகிறேன், இன்ஷா அல்லாஹ்.