விளக்கை ஏமாற்றலாம், நெஞ்சை ஏமாற்ற முடியுமா?



பழைய டீசல் வேன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நம் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், மஞ்சள் விளக்கு எரியுது. புகை ஃபில்டரையே கழற்றிடலாம்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?"

வேண்டாம்ப்பா. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகான டீசல் வேன்களில் கரித்துகளைப் பிடிக்க அந்த ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். சிம்மக்கல், மாசி வீதி நெரிசலில் ஊர்ந்தால் அது வராது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டர் விளக்கு மட்டும் எரிந்தால், திருமங்கலம் நான்குவழிச் சாலையில் 20 நிமிடம் சீராக ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபில்டரைக் கழற்றி விளக்கை ஏமாற்றலாம். ஆனால் அந்தக் கரி, பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும்.