முட்டுக்கட்டை இல்லாத தேர்

சிதம்பரம் தேரோட்டத்தில் எல்லோரும் நடராஜரைப் பார்ப்பார்கள். நான் முட்டுக்கட்டை போடுகிறவரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அசைந்து வருகிற அத்தனை பெரிய தேரை, சக்கரத்தடியில் ஒரு கட்டையைச் செருகி நிறுத்துகிறாரே, அவர் கையில்தான் அன்றைக்கு ஊர் ஜனங்களின் உயிர் இருக்கிறது. தேரில் எது கோளாறானாலும், நிறுத்திவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

ஆகாயத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும் மின்சார விமானங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த நினைப்பு என்னை விடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி முதலானோர் 2019-இல் தொடங்கிய 'இ-பிளேன்' நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்ய முனைந்தது. 2023-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அதை வடிவமைப்பு நிறுவனமாக அங்கீகரித்தது. அது தச்சருக்குக் கிடைத்த அங்கீகாரம். தேருக்குக் கிடைக்க வேண்டிய சான்று வேறு.

அந்தச் சான்றுக்கு என்ன கேட்பார்கள்? ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால், காற்றே சுழலியைச் சுற்றிவிட, சமாளித்துத் தரையிறங்கலாம். சிறு சுழலிகள் பல கொண்ட மின்சார விமானத்துக்கு அந்தக் கொடுப்பினை பெரும்பாலும் கிடையாது. ஆகவே ஒரு மோட்டார் போனால் மற்றவை தாங்க வேண்டும். ஒரு பாட்டரி தீப்பிடித்தால் அடுத்தது பற்றக் கூடாது. இரண்டு கயிற்றையும் ஒரே முளையில் கட்டினால் அது இரண்டு கயிறு ஆகுமா? கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் விமானத்தில், உயிர்போக்கும் கோளாறு எதுவும் 100 கோடி மணி நேரப் பறத்தலில் ஒரு முறைக்கு மேல் எதிர்பார்க்கும்படி இருக்கலாகாது என்பது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் வகுத்த விதி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே விமானம் இடைவிடாமல் பறந்தால் 1,14,000 ஆண்டுகளுக்கும் மேல்!

இத்தனை கெடுபிடிக்கு விலை உண்டு. ஜெர்மனியின் லிலியம், வோலோகாப்டர் இரண்டும் சான்று கிடைப்பதற்குள் பணம் தீர்ந்து 2024-இல் திவால் மனுப் போட்டன. விலை அவர்களோடு முடிவதுமில்லை. கடலூரிலிருந்து அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு என் பெரியம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோன இரவு, ஒரு கரும்பு லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "அண்ணா, பறந்து போக ஒரு வண்டி வரக் கூடாதா?" என்றான் தம்பி. அவனிடம் 100 கோடி மணி நேரக் கணக்கை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். பொழுதுபோக்குக்குப் பறக்கிறவன் துணிந்து ஏறலாம், ஆபத்து அவனுடையது. ஆம்புலன்ஸில் நினைவில்லாமல் கிடப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அவருக்குப் பதிலாக யோசித்து, சந்தேகப்பட்டு, கையெழுத்துப் போட ஒருவர் இருக்கத்தான் வேண்டும். அவர் சீக்கிரமாகவே போடட்டும். பார்க்காமல் மட்டும் போட வேண்டாம்.