மாதம் ஒரு கிலோ

பெண்ணை ரயிலேற்றி அனுப்பும் தாய்மார்கள் பாக்கியசாலிகள். 1986-ல் கல்யாணமாகி நான் டில்லிக்குப் புறப்பட்டபோது என் அம்மா பதினான்கு சாமான்கள் கட்டிக் கொடுத்தாள். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா என்று எல்லாம் இருந்தன; அம்மிக்கல் ஒன்றுதான் பாக்கி. ஜி.டி. எக்ஸ்பிரஸில் எங்களுக்குச் சரியாக உட்கார இடமில்லை. ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் ஜன்னலோரம் கிடைத்தது.

அந்த ஞாபகத்தில்தான் 2023-ம் வருஷம் என் பெண்ணுக்கு மூட்டை கட்ட உட்கார்ந்தேன். அவள் போவது புக்ககத்துக்கு அல்ல. பத்து வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள், ஆப்பிரிக்காவில் மலாவி என்ற சின்ன நாட்டுக்குத் தொண்டராகக் கிளம்பிவிட்டாள். ஜோம்பா என்ற ஊரில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம். சம்பளம் கிடையாது; இருக்க இடமும் சாப்பாட்டுக்குப் படியும் உண்டு.

"ஏன், இங்கே இல்லாத ஆஸ்பத்திரியா?" என்றாள் என் நாத்தனார். எதிர் வீட்டு மாமி, "முப்பத்தொரு வயசாகிறதே..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். என் கவலை வேறு. அந்த மார்ச்சில்தான் ஃப்ரெடி என்ற புயல் மலாவியின் தென்பகுதியைப் புரட்டிப் போட்டிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். ஜோம்பாவும் தெற்கேதான் இருக்கிறது. படத்தைப் பார்த்த நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்படிப்பட்ட தாய் என்ன செய்வாள்? வடாம் பிழிவாள். பிழிந்தேன்.

விமானத்தில் அனுமதித்தது இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. கையில் 7 கிலோ. என் கணவர் தபால் இலாகாவில் பார்சல்களை எடை போட்டே ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்கைக் கேட்டதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கொக்கி மாட்டித் தூக்கும் தராசு ஒன்று வாங்கி வந்தார். முதல் காரியமாகக் காலிப் பெட்டிகளைத் தூக்கினார். இரண்டும் சேர்ந்து 8 கிலோ! (பெட்டி வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கும் முன் காலிப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள்.) மீதி 38. அதில் புத்தகங்களும் பயிற்சிச் சாமான்களும் 14.

"ஆக, உனக்கு மிச்சம் 24 கிலோ. இருபத்து நாலு மாசம். மாதம் ஒரு கிலோ" என்று பெண்ணிடம் அறிவித்தார்.

நான் சேர்த்து வைத்திருந்ததை எடை போட்டால் 31 கிலோ! அவளுடைய துணிமணி அதில் சேர்த்தி இல்லை. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி, வடாம், அப்பளம், மாவடு, காப்பிப் பொடி, பித்தளை பில்டர், இட்டிலித் தட்டு, குக்கர், துவரம் பருப்பு, கொப்பரை. கொப்பரையை விமானத்தில் ஏற்றவே கூடாதாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக் கூடும் என்று தடை. ஊறுகாயைக் கையில் எடுத்துப் போக முடியாது, பெட்டிக்குள் வைக்கலாம். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறு; அது பெட்டிக்குள் ஆகாது, கையில்தான் இருக்க வேண்டும். "அதிகப்படிக்குப் பணம் கட்டிவிட்டால்?" என்று கேட்டேன். எவ்வளவு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாதாம். தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகை உத்தேசித்து வைத்த வரம்பு. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

குக்கரின் வயிற்றுக்குள் பொடிகளை அடைத்தேன். பில்டருக்குள் மிளகு. செருப்புக்குள்கூட ஏதாவது வைக்கலாமா என்று பார்த்தேன். பெண் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த 14 கிலோவில் கொஞ்சம் குறைத்தால் என்ன?" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் ஓர் உறையைப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்த ரப்பர் பொம்மை. குளியலறைக்குப் போய் அதில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை துவண்டு விழுகிறது, இரண்டு கிலோ கனம், இளஞ்சூடு வேறு. பிறந்த குழந்தையேதான்! குழந்தை பிறந்து அழவில்லை என்றால் துடைத்து, முதுகைத் தேய்த்து, அதற்கும் மசியாவிட்டால் மூக்கிலும் வாயிலும் மூடி வைத்துப் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். எல்லாம் முதல் நிமிஷத்துக்குள். அவள் செய்து காட்ட, பொம்மையின் மார்பு ஏறி இறங்கியது.

"இந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான் போகிறேன்" என்றாள்.

இவள் பிறந்தபோதும் உடனே அழவில்லை. ஒரு நர்ஸ் கால்மணி நேரம் போராடினாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கதையை இவளுக்கு நூறு தடவை சொன்னவளும் நான்தான். பிறகு யாரைக் கோபித்துக்கொள்வது?

புறப்படும் நாளுக்கு முந்தின இரவு இரண்டு பெட்டியும் தராசில் சரியாக 23 காட்டின. துவரம் பருப்புப் பொட்டலம் சமையலறை மேடையில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பருப்பு இல்லாமல் என்ன சாம்பார், என்ன ரசம்? எழுந்து பெட்டியைத் திறந்தேன். மேலாக ஒரு கம்பளி ஸ்வெட்டரும் சால்வையும் இருந்தன. ஆப்பிரிக்காவில் ஸ்வெட்டர் எதற்கு? பைத்தியக்காரப் பெண்! தராசில் மாட்டினேன். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ. பருப்பும் ஒரு கிலோ. பகவானே வழி காட்டியதாக நினைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"அம்மா, ஸ்வெட்டரை எங்கே வைத்தாய்?"

பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஜோம்பா மலையடிவாரத்து ஊர். 1975 வரை நாட்டின் தலைநகரமாக இருந்தது. சில நாள் 'சிப்பரோனி' என்று ஈரக் காற்றும் தூறலுமாக வந்து எலும்பைத் துளைக்குமாம். வீட்டில் கணப்புக் கிடையாது.

"நான்தான் எடுத்தேன். பருப்பு வைப்பதற்காக" என்றேன். குரல் எழும்பவில்லை.

அந்தப் பக்கம் மௌனம். பிறகு ஒரு சிரிப்பு. அவள் ஜன்னலுக்கு வெளியே, சோளக் கொல்லையில் ஊடுபயிராக ஆள் உயரத்துக்குத் துவரைச் செடி நின்றதாம்! அவர்கள் பாஷையில் 'நண்டோலோ'. தெற்கு மலாவி முழுக்க இதுதான் விளைகிறது. வருஷம் 50,000 டன் துவரை வாங்குவதாக நம் தேசமே 2021-ல் மலாவியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நான் அனுப்பிய ஒரு கிலோவும் ஒருகால் அங்கிருந்து வந்ததுதானோ என்னவோ! வீட்டுக்காரம்மாளிடம் அதைக் கொடுத்தாளாம். அங்கே தோலோடு முழுசாக வேக வைப்பதுதான் வழக்கம். "தோலை யார் உரித்தார்கள்?" என்று கேட்டாளாம் அந்த அம்மாள். அங்கே தாயை 'அமாயி' என்கிறார்கள். "என் அமாயி கொடுத்தது" என்றாளாம் இவள்.

ஸ்வெட்டருக்கு என்ன செய்தாள்? சந்தையில் 'கௌஞ்சிக்கா' என்று பழைய துணிகள் மலையாகக் குவித்து விற்கிறார்கள். எந்த ஊர்க்காரர் போட்டுக் கழித்ததோ, பச்சை நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டாளாம். நாலு ராத்திரி வெடவெடத்த பிறகு. இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அலமாரியில் அந்த ஸ்வெட்டரைப் பார்க்கும்போதெல்லாம் பகீர் என்றது.

என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காடாத் துணி வாங்கி, பழைய இலாகா முறைப்படி நாலு பக்கமும் தைத்து, அரக்கு முத்திரை வைத்துப் பார்சல் கட்டினார். அந்த அழகுக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆகஸ்டு கடைசியில் அனுப்பினோம். அக்டோபரில் போய்ச் சேர்ந்தது. அங்கே அக்டோபர்தான் கடும் வெயில்!

2025-ல் இரண்டு வருஷமும் முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று வார லீவில் வந்தாள். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் இப்போது அதை வைத்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். திரும்பிப் போகிற அன்று பெட்டியை அவளே கட்டினாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். தராசு 19 காட்டியது.

"இன்னும் நாலு கிலோ இடம் இருக்கிறது" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"அம்மா, என்ன வைக்கணுமோ வை" என்றாள் பெண்.

சமையலறைக்குப் போனேன். பருப்பு டப்பா, பொடி டப்பா எல்லாம் வரிசையாக இருந்தன. குக்கரின் காஸ்கெட் இற்றுப் போய்விட்டது, இங்கே அந்த அளவு கிடைக்கவில்லை என்று போனில் ஒருநாள் சொல்லியிருந்தாள். மூன்று வாங்கி வைத்திருந்தேன். அவற்றைக் கொண்டு வந்து ஸ்வெட்டர் மடிப்புக்குள் செருகிப் பெட்டியை மூடினேன்.

அவர் மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றேன்.

"தராசில் தெரியவில்லை" என்றார்.